எரிஞ்சு போச்சு என்றால், எங்கே போச்சு?

உமியை எரித்தால் என்ன மிஞ்சும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். “சாம்பல் சார்” என்று வகுப்பே சொன்னது. ஒரு கிலோ உமிக்கு எவ்வளவு சாம்பல் என்றதும், அப்பா அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிற பையன் ஒருவன் எழுந்தான். “இருநூறு கிராம் வரும் சார்.” சரியான கணக்கு. உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சாம்பலாக நிற்கும். “அப்ப மிச்சம் எண்ணூறு கிராம்?” என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. “எரிஞ்சு போச்சு சார்.”

அதற்குப் பத்து நிமிடம் முன்னால் இதே பையன் கரும்பலகைக்கு வந்து, மீத்தேன் எரிகிற சமன்பாட்டை ஒரு பிழை இல்லாமல் சமன் செய்துவிட்டுப் போயிருந்தான். இரண்டு பக்கமும் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணிக் காட்டினான். பலகையில் ஒரே ஒரு அணு குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிற பிள்ளைக்கு, அடுப்பில் எண்ணூறு கிராம் காணாமல் போவது உறுத்தவே இல்லை.

அந்த எண்ணூறு கிராமைத் தேடி நாங்கள் மூன்று வாரம் அலைந்தோம். எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே பாடத்தை நடத்தப்போகிற யாருக்காவது உதவும்.

பள்ளியும் பருவமும்

குடவாசலுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. ஆய்வகம் என்று தனி அறை கிடையாது. மரபீரோ ஒன்று, அதில் சில சோதனைக் குழாய்கள், எடைக்கற்கள் பாதி தொலைந்துபோன ஒரு தராசு. பாடம் எடுத்தது அக்டோபரில். குறுவை அறுவடை நேரம் அது. சாலையில் பாதிக்கு நெல் காயும், பிள்ளைகளில் நாலைந்து பேர் தினமும் மட்டம் போடுவார்கள், மழை வருகிற மாதிரி இருந்தால் மத்தியானமே இன்னும் இரண்டு பேர் தார்ப்பாய் இழுக்க ஓடுவார்கள்.

உமிக் கேள்விக்குப் பிறகு, பாடத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். மூன்றே கேள்விகள். உமியின் மிச்சம் எங்கே? துருப்பிடித்த ஆணியின் எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்தால் எடை என்ன ஆகும்?

சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்தபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. உமி எரிஞ்சு போச்சு. ஆணி அரிச்சுப் போச்சு, அதனால் எடை குறையும். சர்க்கரை கரைஞ்சு போச்சு, அதனால் வெறும் தண்ணீரின் எடைதான். “போச்சு” என்று எழுதியதோடு அவர்களுக்குக் கேள்வி முடிந்துவிடுகிறது. நம் பேச்சில் இந்தப் “போ” ஒரு துணைவினை. காரியம் முடிந்தது, கையை விட்டுப் போனது என்பதைச் சொல்ல வருவது. ஆனால் அந்தச் சொல்லின் வேர் நடந்து போவதுதான். போனது என்றால் ஓர் இடத்தை விட்டுப் புறப்பட்டு இன்னோர் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். வினைக்கு முன்னும் பின்னும் மொத்தப் பொருள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்கிற பொருண்மை அழியா விதியை நம் மொழியே பாதி சொல்லி வைத்திருக்கிறது என்று எனக்கு அன்றிரவு பட்டது. மறுபாதியைக் கேள்வியாகக் கேட்டால் போதும்: எங்கே போச்சு?

அன்று முதல் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்தோம். யார் “போச்சு” என்று சொன்னாலும், மற்றவர்கள் “எங்கே போச்சு?” என்று கேட்க வேண்டும். நான் சொன்னாலும் கேட்க வேண்டும்.

களத்து மேட்டிலிருந்து ஆரம்பம்

முதலில் உமியை விட்டுவிட்டு நெல்லைப் பிடித்தேன். கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்க ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மழை பிடித்துக்கொண்ட வருஷங்களில் 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மனு போவதும் தெரியும்.

“ஈர நெல்லு 40 கிலோ சிப்பம் ஒண்ணைக் காயப்போட்டு மறுபடி எடை போட்டா?” என்றேன்.

“குறையும் சார். ரெண்டு, ரெண்டரை கிலோ.” இது நடு வரிசைப் பெண். அவள் வீட்டில் குத்தகைக்கு மூன்று மா பயிர் வைக்கிறார்கள்.

“ஏம்மா குறையுது?”

“தண்ணி காஞ்சு போச்சு சார்.”

வகுப்பு சும்மா இருக்குமா? “எங்கே போச்சு?” என்று ஒரே சத்தம்.

“காத்துல.”

“காத்துல கலந்த தண்ணிக்கு எடை இருக்கா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே பெண், மெதுவாகச் சொன்னாள்: “இருக்கணும் சார். இல்லேன்னா மூட்டையில எப்படிக் குறையும்?”

வாத்தியாராக நான் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்த ஒரு வரி செய்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எடை இருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமல், மூட்டையை வைத்தே அவள் நிரூபித்துவிட்டாள். பலகையில் கணக்குப் போட்டோம். 22 சதவீத ஈரம் என்றால் 40 கிலோவில் உலர்ந்த பொருள் 31 கிலோ 200 கிராம். காய்ந்த பிறகு அது மொத்தத்தில் 83 சதவீதம். ஆக மொத்த எடை சுமார் 37 கிலோ 600 கிராம். இரண்டு கிலோ 400 கிராம் தண்ணீர் காற்றுக்குப் போயிருக்கிறது. அவள் சொன்ன “ரெண்டு, ரெண்டரை” கிட்டத்தட்ட துல்லியம். ஐந்து சதவீதம்தானே, இரண்டு கிலோதான் குறைய வேண்டும் என்று அடித்துச் சொன்ன பையன்கள் அன்று விகிதக் கணக்கையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே சேதாரத்தையும் வைத்தேன். நகை வாங்கப் போன வீட்டில் செய்கூலி, சேதாரம் பேச்சைக் கேட்காத பிள்ளை இல்லை. சேதாரமாகிற தங்கம் எங்கே போகிறது? அரத்தில், பட்டறைத் தரையில், துடைக்கிற துணியில். அதனால்தான் பட்டறை கூட்டிய குப்பையைக்கூட விலைக்கு வாங்க ஆள் வருகிறார்கள். தங்கம் அழிந்திருந்தால் அந்தக் குப்பையை யார் வாங்குவார்கள்?

புளியங்கொட்டையும் மொச்சையும்

சமன்பாட்டில் ஒரு பிழை வருஷா வருஷம் வரும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகிற சமன்பாட்டைக் கொடுத்தால், இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று பார்த்தவுடன், எச்டூஓவில் ஓவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 2 போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் தண்ணீர் இருந்த இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்து உட்கார்ந்துவிடும், புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அந்த மருந்து. “தாகத்துக்கு அதைக் குடிப்பியா?” என்று கேட்டால் சிரிப்பார்கள், அடுத்த கணக்கில் மறுபடியும் அதையே செய்வார்கள். கேலி கேட்டால் பிழை போகாது என்று எனக்குத் தெரிய வருஷங்கள் ஆயின.

இந்த முறை வீட்டிலிருந்து புளியங்கொட்டை, மொச்சை, பச்சைப் பயறு கொண்டுவரச் சொன்னேன். களிமண் வாய்க்காலில் இருக்கிறது. பச்சைப் பயறு ஹைட்ரஜன், மொச்சை ஆக்சிஜன், புளியங்கொட்டை கார்பன். அணுக்களைக் களிமண்ணால் ஒட்டி உருண்டை பிடித்தால் அது ஒரு மூலக்கூறு. உருண்டைக்குள் எத்தனை விதை என்பது கீழே எழுதுகிற சின்ன எண். அப்படி எத்தனை உருண்டை என்பது முன்னால் எழுதுகிற கெழு. வினை நடக்கும்போது உருண்டையைப் பிரித்து வேறு மாதிரி ஒட்டலாம். ஆனால் கணக்கு உதைக்கிறதே என்று தண்ணீர் உருண்டைக்குள் கூடுதலாக ஒரு மொச்சையைத் திணிக்கக் கூடாது. திணித்தால் அது தண்ணீர் உருண்டையே இல்லை. வேண்டுமானால் இன்னொரு முழு உருண்டை எடுத்துக்கொள்ளலாம்.

கை செய்தபோது பிழை தானாகவே குறைந்தது. ஆனால் நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று வந்தது. இரண்டு ஹைட்ரஜன் உருண்டை, ஒரு ஆக்சிஜன் உருண்டை, ஆக மூன்று. வினைக்குப் பிறகு தண்ணீர் உருண்டை இரண்டுதான். “சார், மூணு ரெண்டாயிடுச்சு. ஒண்ணு எங்கே போச்சு?” எங்கள் சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வி. மூலக்கூறுகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பல பிள்ளைகள் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விதைகளை எண்ணச் சொன்னேன். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கமும் ஆறு. பிரித்து ஒட்டியதில் உருண்டை குறையலாம், விதை குறையாது.

இன்னொன்று. உருண்டைகளை வினைக்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் காட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் ஒட்டுகிற களிமண்ணே கணக்கைக் கெடுத்துவிடும்.

தராசு சொன்னது

எடை போட்டுப் பார்க்காமல் இந்த விதி யாருக்கும் உள்ளே இறங்காது. சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் போய் நின்றேன். 0.01 கிராம் வரை காட்டுகிற பழைய டிஜிட்டல் தராசு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “ஃபேனை நிறுத்திட்டுப் போடுங்க சார். காத்து பட்டா கடைசி நம்பர் நிக்காது. மேசை ஆடக் கூடாது. பசங்க மூச்சுகூடப் பக்கத்துல விடக் கூடாது” என்று மூன்று முறை சொல்லித்தான் அனுப்பினார்.

முதல் எடை: ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் 100 மில்லி வினிகர், பக்கத்தில் காகிதத்தில் 5 கிராம் ஆப்பச்சோடா. எல்லாம் சேர்த்து தட்டில் வைத்தோம்: 117.62 கிராம். சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி, நுரை அடங்கியபின் காகிதத்தையும் சேர்த்து வைத்தால் 115.31. இரண்டு கிராமுக்கு மேல் குறைவு. “கேஸ் போச்சு சார்!” “எங்கே போச்சு?” “வெளியில!” இதுவரைக்கும் எல்லாம் நினைத்தபடி.

அடுத்தது பலூன். இந்தச் சோதனையை எல்லா வருஷமும் செய்திருக்கிறேன். பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் சோடா, பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா கொட்டி, பலூன் உப்பும். வாயு வெளியே போகவில்லை, ஆகவே எடை மாறாது என்று காட்டுவது வழக்கம். தட்டில் வைத்தோம்: முன்னால் 128.64. பலூன் கும்மென்று எழுந்து நின்றது. பின்னால் 127.15.

ஒன்றரை கிராம் குறைவு. கசிவாக இருக்கும் என்று பாட்டில் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, புதுப் பலூனோடு மறுபடி செய்தோம். மறுபடியும் கிட்டத்தட்ட அதே குறைவு. நாற்பது கண்கள் என்னைப் பார்க்கின்றன. பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது: “பலூனுக்குள்ளதான சார் இருக்கு? அப்ப எங்கே போச்சு?”

முந்தைய வருஷங்களில் சமையல் தராசும் ஒரு சிட்டிகை சோடாவுமாகச் செய்ததால் இது கண்ணில் படவில்லை. எப்போதாவது ஒரு கிராம் குறைந்தால் “லீக் ஆகுதுப்பா” என்று சொல்லிக் கடந்திருக்கிறேன். அதை நினைத்து இப்போது வருத்தப்படுகிறேன், ஏனென்றால் கசிவே இல்லை. “தெரியலை, நாளைக்குச் சொல்றேன்” என்று வகுப்பை முடித்தேன்.

இரவு சாப்பிடும்போதுதான் பொறி தட்டியது. காற்றும் தண்ணீரைப் போல மேலே தள்ளும். வெறும் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு குளத்தில் நீந்துகிற பிள்ளைகள் இவர்கள்; குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினால் கையை எப்படி உந்தித் தள்ளும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பலூன் உப்பும்போது அது இருக்கிற இடத்திலிருந்த காற்றை விலக்குகிறது. விலகிய காற்றின் எடை அளவுக்கு மேல்நோக்கி ஓர் உந்தல். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். எங்கள் பலூனில் வந்த வாயு சுமார் ஒன்றேகால் லிட்டர். ஆக ஒன்றரை கிராம். தராசு காட்டிய குறைவும் அதுதான். பொருள் அப்படியே இருக்கிறது. அதன் எடையில் கொஞ்சத்தைச் சுற்றியிருக்கிற காற்று ஏந்திக்கொண்டது.

மறுநாள் முழு விளக்கத்தையும் சொல்வதற்கு முன்னால், குடத்துக் கதையை மட்டும் முன் பெஞ்சில் சொல்லி, சோதித்துப் பார்க்க வைத்தேன். வெறும் பலூன் 2.91 கிராம். சைக்கிள் பம்பால் ஒன்றரை லிட்டருக்குக் காற்றடித்தால் எவ்வளவு இருக்கும்? இரண்டு கிராமாவது கூடும் என்று பாதிப் பேர். உள்ளே இருக்கிற காற்றை வெளிக்காற்று ஏந்திக்கொண்டால் எடை ஏறவே ஏறாது என்று, குடத்துக் கதையைக் கேட்டிருந்த முன் பெஞ்சு. வைத்தால் 2.97. அந்த 0.06கூட, பலூன் ரப்பர் இறுக்கிப் பிடித்ததில் காற்று கொஞ்சம் நெருக்கமாக உள்ளே இருப்பதால் வந்தது. ஃபேனை நிறுத்திய அறையில் வேர்த்து ஒழுகிக்கொண்டு, கடைசி எண் எப்போது நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளை நான் மறக்கமாட்டேன்.

மூடிய பாட்டில்

சரி, உப்பாத பாத்திரம் வேண்டும். ஒரு லிட்டர் கலர் பாட்டில் அதற்கு ஏற்றது. உள்ளே இருக்கிற சோடா அழுத்தத்தைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அளவைக் குறைத்துக்கொண்டோம். 25 மில்லி வினிகர், ஒரே ஒரு கிராம் ஆப்பச்சோடா. சோடாவை மெல்லிய காகிதத்தில் பொட்டலம் கட்டி, நூலில் தொங்கவிட்டு, நூலை மூடியோடு சேர்த்துத் திருகினோம். எடை போட்டாயிற்று: 58.42. பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கியதும் உள்ளே நுரை. பாட்டில் கல்லு மாதிரி இறுகியதைத் தொட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. நுரை அடங்கியபின் தட்டில் வைத்தோம்.

58.41.

கடைசி எண் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் மூடியை மெல்லத் திருகினேன். புஸ்ஸென்ற சத்தம். மூடியையும் சேர்த்து மறுபடி வைத்தால் 58.08. “இப்பதான் சார் போச்சு” என்றான் உமிப் பையன். யாரும் “எங்கே” என்று கேட்கவில்லை. சத்தம் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. ஒரு கிராம் சோடாவிலிருந்து சுமார் 300 மில்லி வாயு வரும். ஒரு லிட்டர் பாட்டிலில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஏறும், பயமில்லை. ஆனால் நன்றாக உப்பட்டுமே என்று சோடாவை அள்ளிப்போட்டால் விபரீதம். பெரியவர் யாரும் இல்லாமல் வீட்டில் செய்யக் கூடாது என்று நான் பிள்ளைகளிடம் கையெழுத்தே வாங்கினேன்.

அன்று மீதி நேரத்தில் ஒரு பழைய கதை சொன்னேன். ராபர்ட் பாயில் 1673-ல் வெளியிட்ட சோதனைகளில், உலோகங்களை மூடிய கண்ணாடிக் குடுவையில் சூடாக்கி எடை கூடுவதைக் கண்டார். ஆனால் எடை போடுவதற்கு முன் குடுவையைத் திறந்துவிட்டார். உள்ளே புகுந்த காற்றைக் கணக்கில் எடுக்காமல், நெருப்பின் துகள்கள் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வந்ததாக முடிவுகட்டினார். ரஷ்யாவின் லொமனோசொவ் 1756-ல் திறக்காமல் எடை போட்டார், மாற்றம் இல்லை. 1774-ல் பிரான்சின் லவாய்சியர் வெள்ளீயத்தை மூடிய குடுவையில் சூடாக்கினார். திறக்கிற வரை எடை அப்படியே இருந்தது. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, எடை ஏறியது. பாட்டில் மூடியைத் திறந்தபோது எங்களுக்குக் கேட்ட சத்தம் வெளியே போகிற காற்று. அவர் கேட்டது உள்ளே வருகிற காற்று. இந்தக் கதைக்குப் பிறகுதான் ஆணிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “அப்ப துருவுக்கும் காத்துதான் வந்து சேருது, எடை கூடும்” என்று பலர் தாங்களே திருத்தினார்கள்.

மறுபடியும் சமன்பாடு

இப்போதுதான் எண்களுக்குத் திரும்பினோம். சோடியம் 23, கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1. இந்த நான்கு அணு எடைகளை மட்டும் பலகை மூலையில் எழுதினேன்.

சோடியம் பைகார்பனேட் + அசிட்டிக் அமிலம் → சோடியம் அசிடேட் + தண்ணீர் + கார்பன் டை ஆக்சைடு

84 + 60 → 82 + 18 + 44

இரண்டு பக்கமும் 144. “84 கிராம் சோடாவுக்கு 44 கிராம் கேஸ்னா, 5 கிராமுக்கு?” என்று கேட்டவுடன் கணக்கு போட ஆரம்பித்தார்கள். 2.6 கிராம் வந்தது. டம்ளரில் நாங்கள் கண்ட குறைவு 2.31. ஏன் ஒத்துப்போகவில்லை? கொஞ்சம் வாயு வினிகரிலேயே கரைந்து நிற்கிறது என்று நான் சொல்வதற்கு முன்பே, கலர் பாட்டிலைத் திறந்து வைத்தாலும் ரொம்ப நேரம் குமிழி வருமே என்று ஒருத்தி சொல்லிவிட்டாள்.

கடைசியாக உமி. உமியில் லிக்னின், சிலிக்கா என்று பலதும் கலந்திருக்கிறது. எரிகிற பகுதியைத் தோராயமாக, செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸ் என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். செல்லுலோஸ் சங்கிலியின் ஒரு கண்ணியில் 6 கார்பன், 10 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன், மொத்தம் 162. அது எரிய 6 ஆக்சிஜன் மூலக்கூறு, அதாவது 192. கிடைப்பது 6 கார்பன் டை ஆக்சைடு, 264. 5 தண்ணீர், 90. இரண்டு பக்கமும் 354.

காணாமல் போன எண்ணூறு கிராமுக்கு இதை விரித்தோம். காற்றிலிருந்து ஏறக்குறைய 948 கிராம் ஆக்சிஜன் வந்து சேர்ந்திருக்கிறது. புகைபோக்கி வழியாக 1304 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 444 கிராம் நீராவியும் போயிருக்கின்றன. உமிப் பையன் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “ஒரு கிலோ உமியிலேர்ந்து ஒண்ணேமுக்கால் கிலோ மேல போவுதா சார்?” போகிறது. எரிவது என்றால் குறைவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தவனுக்கு, எரிந்தபின் மொத்தத்தில் கூடுகிறது என்பது பெரிய அதிர்ச்சி. அந்த இருநூறு கிராம் சாம்பலோ பெரும்பாலும் சிலிக்கா, பயிர் வேர் வழியாக மண்ணிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்தது.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

மூன்று வாரம் கழித்து அதே சீட்டுகளை மறுபடி கொடுத்தேன். “எரிஞ்சு போச்சு” என்று மட்டும் எழுதி நிறுத்தியவர்கள் மிகச் சிலர். சர்க்கரைக் கேள்வி எல்லோருக்கும் சரி. ஆனால் புதுக் குழப்பங்களும் முளைத்திருந்தன. எண்ணூறு கிராமும் கண்ணில் தெரிகிற கறுப்புப் புகைதான் என்று சிலர் எழுதியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற புகை ரொம்பக் கொஞ்சம், கனமான பங்கு தெரியாமலே போகிறது என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. அது என் குறை. பாட்டிலைத் திறந்தால் விதி பொய்யாகிவிடும் என்று இரண்டு பேர் எழுதினார்கள். விதி எப்போதும் உண்மை, திறந்த பாட்டிலில் நாம் எல்லாவற்றையும் எடை போடவில்லை அவ்வளவுதான் என்பதை அவர்களோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. எச்டூஓவுக்குக் கீழே 2 போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விதையும் களிமண்ணும் கையில் இருந்தால் தப்பு செய்வதில்லை, பேனா எடுத்தால் செய்கிறார்கள்.

அடுத்த வருஷம் வரிசையை மாற்றப்போகிறேன். திறந்த டம்ளர், அடுத்து மூடிய பாட்டில், பலூன் கடைசியில். விதியை ஒரு தடவை கண்ணால் பார்த்தபின் பலூன் வந்தால், அது விதியைச் சந்தேகிக்க வைக்காது, காற்றைத் தேட வைக்கும். பலூனைக் கைவிடச் சொல்லி ஒரு சக ஆசிரியர் சொன்னார். எனக்கு மனம் இல்லை. அந்த ஒன்றரை கிராமுக்காக வகுப்பு ஒரு ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறது.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பத்தர், “என்ன சார், சரியா நின்னுச்சா?” என்றார். கடைசி எண் துடித்ததைச் சொன்னேன். “அது அப்படித்தான்” என்று துணியால் தட்டைத் துடைத்து உள்ளே வைத்தார்.

மறுநாள் ஒளிச்சேர்க்கைப் பாடம். உமிச் சமன்பாட்டைப் பலகையில் அப்படியே விட்டு வைத்திருந்தேன். நெல்லு எடை போட்ட பெண் அதை வலமிருந்து இடமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், அப்புறம் செல்லுலோஸ். “சார்” என்றாள், “அப்ப எங்க வயல்ல வெளைஞ்ச நெல்லு முக்காவாசி காத்துலேர்ந்தும் தண்ணியிலேர்ந்தும்தான் வந்துச்சா?” வகுப்பு திரும்பி அவளைப் பார்த்தது. “ஆமாம்மா” என்றேன். “எப்படி வந்துச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.”